படகு வாடகைக்கு எடுக்கும்போது முழு டெபாசிட்டா, வெய்வரா, வெளி இன்சூரன்ஸா?

வெளிநாட்டில் ஓட்ட ஆள் இல்லாமல் படகை மட்டும் வாடகைக்குத் தருவார்கள் என்று மண்டபம் ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவே இல்லை. "படகை உங்க கையில குடுத்துட்டு அவன் வீட்டுக்குப் போயிருவானா?" ஆமாம் சித்தப்பா. "கூட ஆள் அனுப்ப மாட்டானா?" கேட்டால் அனுப்புவான், அதற்குத் தனிக் காசு. கையில் இருந்த வலையை இரண்டு முடிச்சு போட்டுவிட்டு, "அப்ப அவன் எவ்வளவு அட்வான்ஸ் கேட்டாலும் தப்பில்ல" என்றார். நாற்பது வருடமாகச் சம்மாட்டியாக, அதாவது படகு முதலாளியாக இருப்பவர், படகைக் கொடுப்பவன் பக்கம்தான் பேசுவார்.

அவர் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. நம்ம ராமநாதபுரம் கரையில் ஆள் இல்லாமல் படகு யாரும் தருவதில்லை. குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்குப் போனாலும் சரி, காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் போனாலும் சரி, வனத்துறை ஏற்பாட்டில் உள்ளூர் ஆள்தான் படகை ஓட்டுவார். நாம் டிக்கெட் வாங்கி லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். படகு எதிலாவது முட்டினால் அது ஓட்டியவர் பாடு. அதனால் 'டேமேஜ் டெபாசிட்' என்ற விஷயமே நமக்குப் பழக்கமில்லை. வெளிநாட்டில் போய் பேர்போட் எடுக்கும்போதுதான், அதாவது ஆள் இல்லாமல் வெறும் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும்போதுதான், இந்தச் சனியன் முதல்முறையாகக் கண்ணில் படுகிறது.

இந்த முறை கிரேக்கத்தில் லெஃப்காடா தீவுப் பக்கம் போகத் திட்டம். நாங்கள் நான்கு பேர்: நான், சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் பாய் ஓட்டிப் பழகிச் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கும் பெரியப்பா மகன், துபாயில் இருக்கும் மச்சான், அவனுடைய நண்பன். 40 அடி பாய்மரப் படகு. புக்கிங் படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி: 3,000 யூரோ முழு டெபாசிட் கட்டுகிறீர்களா, இல்லை 320 யூரோ வெய்வர், அதாவது திரும்பி வராத ஒரு கட்டணம், கட்டி டெபாசிட்டை 750-ஆகக் குறைத்துக்கொள்கிறீர்களா? அதோடு, இன்னொரு கம்பெனியிடம் தனியாக டெபாசிட் இன்சூரன்ஸ் வாங்கலாம், 150 யூரோதான் என்று மச்சான் கண்டுபிடித்து வந்தான். வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாள் சண்டை. அந்தச் சண்டையில் தெளிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டெபாசிட் எதற்கு என்று புரிந்துகொண்டால் பாதி குழப்பம் போய்விடும். படகுக்கு அதன் உரிமையாளர் ஏற்கெனவே இன்சூரன்ஸ் எடுத்திருப்பார். ஆனால் அந்த பாலிசியில், சேதத்தின் முதல் பகுதியை, சொல்லப்போனால் முதல் 3,000 யூரோவை, உரிமையாளரே ஏற்கவேண்டும் என்று இருக்கும். அந்த முதல் பகுதியை அவர் நம் தலையில் இறக்கிவைக்கிறார், அதுதான் டெபாசிட். அதற்கு மேல் போனால் அவருடைய இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். 'ரெண்டு லட்சம் யூரோ படகை உடைச்சா நம்ம வீட்டை விக்கணுமா' என்று குரூப்பில் ஒருவன் கேட்டதற்குப் பதில் இதுதான்: சாதாரணமாக வேண்டாம், டெபாசிட்டோடு நிற்கும். அசாதாரணமாக என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு தாய்லாந்தின் புக்கெட்டில் இதே மாதிரி ஒரு படகு எடுத்தோம், அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கருத்து முழுக்க அதில் இருந்து வந்ததுதான். அப்போது டெபாசிட் 2,500 டாலர். வெய்வர் வேண்டுமென்றால் நாளுக்கு 35 டாலர், வாரத்துக்கு 245, அதைக் கட்டினாலும் 500 டாலர் டெபாசிட் நிற்கும். நாங்கள் வேண்டாம் என்று முழு டெபாசிட்டையே வைத்தோம். திரும்பும்போது 380 டாலர் பிடித்துக்கொண்டார்கள். கரைக்குப் போய்வரும் சின்ன ரப்பர் படகின் அவுட்போர்டு மோட்டார் இறக்கை பாரில், அதாவது கடலடிப் பாறையில், உரசி முனை மழுங்கியது, பாய்க் கயிற்றை இழுக்கும் வின்ச்சின் கைப்பிடி ஒன்று கடலுக்குள் போனது, ஒரு ஃபெண்டரைக் காணவில்லை. ஃபெண்டர் என்றால் படகு உரசாமல் இருக்கப் பக்கத்தில் தொங்கவிடும் காற்றடைத்த உருளை. நம்ம பாம்பனில் அந்த வேலையைப் பழைய லாரி டயர் செய்கிறது, தொலைந்தால் யாரும் தேடவும் மாட்டார்கள்.

வெய்வர் எடுத்திருந்தால் தப்பித்திருப்போமா என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தப்பித்திருக்க மாட்டோம். 380 என்பது 500-க்கு உள்ளேயே அடங்குகிறது, அதனால் அதையும் பிடித்திருப்பார்கள், வெய்வருக்குக் கட்டிய 245-உம் போயிருக்கும். இரண்டும் சேர்த்து 625. இங்கேதான் எனக்கு உறைத்தது. வாரம் பூராவும் படகில் நடக்கும் சேதத்தில் பெரும்பாலானது இந்த மாதிரிச் சில்லறைதான்: கைப்பிடி, ஃபெண்டர், டாய்லெட் பம்ப் அடைப்பு, பக்கவாட்டில் ஒரு கீறல். வெய்வர் எடுத்தாலும் மிச்சம் நிற்கும் டெபாசிட்டுக்குள் அவை வந்துவிடும். போதாக்குறைக்கு ரப்பர் படகு, அதன் மோட்டார், கிழிந்த பாய், தொலைந்த பொருள் ஆகியவற்றைப் பெரும்பாலும் வெய்வரே விலக்கி வைத்திருக்கும், ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் பாருங்கள்.

அப்படியென்றால் வெய்வர் எதற்குத்தான் உதவும்? பெரிய அடிக்கு. பெரிய அடி என்றால் பேர்போட்டில் முக்கியமாகத் தரைதட்டுவது. நம்ம பாக் நீரிணைப் பக்கம் தரைதட்டுவதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வத்தை என்ற நம்ம சின்னப் படகுக்கு அடி தட்டை, மணலில் ஏறினால் இரண்டு பேர் குதித்துத் தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். இந்தப் பாய்மரப் படகுகளில் கீழே இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஏராக்கால் தொங்கும், நுனியில் டன் கணக்கில் எடை. அது பாறையில் மோதினால் வெளியே கீறல் தெரியாமல் உள்ளே இணைப்பு விரிசல் விட்டிருக்கலாம். அதனால் மோதியது என்று தெரிந்தாலே படகைக் கிரேனில் தூக்கிப் பார்க்கவேண்டும் என்பார்கள். தூக்கும் கூலி, ஆய்வுக் கூலி, பழுது, எல்லாம் சேர்ந்து முழு டெபாசிட்டையும் தின்றுவிடும். 2,500-ஓ 3,000-ஓ, அதில் ஒன்றும் மிஞ்சாது.

புக்கெட்டில் அது எங்களுக்கு மயிரிழையில் தப்பியது. பாங் நா வளைகுடாவில் சாயங்காலம் நங்கூரம் போட்டோம். நம்ம ஊரில் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதே நினைப்பில் படுத்துவிட்டோம். அங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அது மூன்று மீட்டரை நெருங்கும். விடியற்காலை மூன்று மணிக்குப் படகு மெதுவாகச் சேற்றில் உட்கார்ந்தது. சேறு, அதனால் பிழைத்தோம். பாராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு குரலில் எழுதியிருப்பேன்.

சரி, இப்போது லெஃப்காடா கணக்கு. மூன்று நிலைமைகளை வைத்துப் பார்த்தேன்: ஒன்றும் ஆகவில்லை, 400 யூரோ சேதம், முழு 3,000-உம் போனது.

வெறும் டெபாசிட் என்றால் நம் கையை விட்டுப் போவது முறையே 0, 400, 3,000. வெய்வர் என்றால் 320, 720, 1,070. சேதம் 1,070 யூரோவைத் தாண்டினால்தான் வெய்வர் எடுத்தவன், எடுக்காதவனை விட லாபத்தில் இருப்பான், அதற்குக் கீழே எங்கே நின்றாலும் நஷ்டம். வெளி இன்சூரன்ஸ் என்றால், மச்சான் அனுப்பிய பாலிசியில் ஒவ்வொரு க்ளெய்மிலும் 5 சதவீதம் நம் பங்கு, ஆக 150, 170, 300. காகிதத்தில் பார்த்தால் வெளி இன்சூரன்ஸ் எல்லா நிலைமையிலும் வெய்வரை அடித்துத் தூக்குகிறது, ஒன்றும் ஆகாத வாரத்தில் மட்டும் வெறும் டெபாசிட்டுக்குத் தோற்கிறது. மச்சான் குரூப்பில் ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டு விவாதம் முடிந்தது என்று தூங்கப் போய்விட்டான்.

முடியவில்லை. வெளி இன்சூரன்ஸ் பற்றிப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. அதை வாங்கினாலும் 3,000 யூரோ டெபாசிட்டைப் படகுக் கம்பெனியில் நாம் வைத்தே ஆகவேண்டும். படகுக்காரருக்கும் அந்த இன்சூரன்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் தன் பாட்டுக்குப் பிடித்துக்கொள்வார், நாம் ஊருக்கு வந்து காகிதங்களை அனுப்பி, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளவேண்டும். என்ன காகிதம்? வாடகை ஒப்பந்தம், படகை வாங்கியபோதும் திருப்பியபோதும் கையெழுத்திட்ட பட்டியல், சேத அறிக்கை, பழுது பில் அல்லது மதிப்பீடு, படங்கள், பணம் பிடித்ததற்கு ஆதாரம். இதில் ஒன்று இல்லையென்றாலும் இழுக்கும். படகுத்துறையில் இருக்கும் பையன் சனிக்கிழமை அடுத்த ஆட்களுக்குப் படகைத் தயார் செய்யும் அவசரத்தில் இருப்பான். "சின்னச் சேதம், இருநூறு யூரோ கொடுங்க, முடிச்சுக்கலாம்" என்பான். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தால் எழுத்தில் ஒன்றும் இருக்காது, க்ளெய்மும் இருக்காது.

இன்னொன்று, நாம் எங்கே வசிக்கிறோம் என்பது. பான்டீனியஸ், யாட்-பூல் மாதிரி இந்த வகை பாலிசி விற்பவர்களில் ஜெர்மன் கம்பெனிகள் முக்கியமானவை. அவர்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் ஐரோப்பியர். இந்திய முகவரிக்காரருக்கு பாலிசி செல்லுமா, துபாய் விசாக்காரருக்குச் செல்லுமா என்று காசு கட்டும் முன் மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை தொடங்கும் முன்பே வாங்கிவிடவேண்டும், படகில் ஏறிய பிறகு யோசித்துப் பயனில்லை. சில படகுக் கம்பெனிகளில், முக்கியமாக கேட்டமரான்களுக்கு, வெய்வரே கட்டாயம், இந்த விவாதத்துக்கே இடமில்லை. (கட்டுமரம் என்ற நம்ம சொல்லை எடுத்துக்கொண்டு போய் இரண்டு உடல் படகுக்கு வைத்து, அதற்கு ஒற்றை உடல் படகை விட அதிக டெபாசிட்டும் கேட்கிறார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.)

நாம் ஊரில் வாங்கும் டிராவல் இன்சூரன்ஸில் 'பர்சனல் லயபிலிட்டி' என்று ஒரு வரி இருக்குமே, அது போதாதா என்று பெரியப்பா மகன் கேட்டான். படித்துப் பார்த்தால், நம் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் பொருளுக்கு வரும் சேதம் அதில் சேராது என்றும், படகு, விமானம் ஓட்டுவதால் வருவது சேராது என்றும் இருக்கும். வாடகைப் படகுக்கு இரண்டு விலக்கும் பொருந்துகிறது. அதை மறந்துவிடலாம்.

அடுத்தது கார்டு. மேலே போட்ட கணக்கை எல்லாம் கவிழ்க்கும் விஷயம் இதுதான் என்பது என் அனுபவம். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று தோராயமாக வைத்தாலே 3,000 யூரோ மூன்று லட்சம். கிரெடிட் கார்டில் அதை 'பிளாக்' மட்டும் செய்தால் லிமிட்டில் மூன்று லட்சம் காணாமல் போகும், ஆனால் பணம் போகாது. சில இடங்களில் பிளாக் செய்யாமல் நேராகவே எடுத்துக்கொண்டு, கடைசி நாளில் திருப்பிப் போடுகிறார்கள். அப்போது போகும்போது ஒரு விலை, வரும்போது ஒரு விலை, நடுவில் வங்கியின் அயல்நாட்டுப் பரிமாற்றக் கட்டணம், பல கார்டுகளில் அது 3.5 சதவீதம் வரை, அதன் மேல் ஜிஎஸ்டி. 3,000 யூரோவுக்கு நூறு யூரோவுக்கு மேல், ஒரு கீறலும் விழாமலேயே, காற்றில் போய்விடும். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம், கையில் இருக்கும் நிஜப் பணமே முடங்கும், விடுவிக்க நாள் கணக்கில் ஆகும். கார்டில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை ஆப்பில் திறந்து வைத்தீர்களா என்றும் பாருங்கள், 2020-க்குப் பிறகு வந்த கார்டுகளில் அது மூடியேதான் வரும். புக்கெட்டில் முதல் நாள் ஒரு மணி நேரம் நாங்கள் நின்றது அதற்காகத்தான், வெயில் வேறு.

ஆக, வெய்வரை 'சேதத்துக்கு இன்சூரன்ஸ்' என்று பார்த்தால் அது மோசமான பேரம். 'மூன்று லட்சம் லிமிட் உள்ள கார்டு என்னிடம் இல்லை, 750 யூரோவோடு வேலையை முடித்துவிடு' என்று பார்த்தால் அது நியாயமான விலை. கல்யாண மாதத்தில், கார்டு ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஆளுக்கு நான் வெய்வரைத்தான் சொல்வேன். க்ளெய்ம் காகிதத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவருக்கும் அதுதான்.

போகும் இடத்தையும் பாருங்கள். லெஃப்காடா பக்கம் ஏற்ற இறக்கம் ஒன்றுமே இல்லாத மாதிரிதான், எங்களைப் புக்கெட்டில் பயமுறுத்தியது அங்கே இல்லை. ஆனால் அங்கே முன்பக்கம் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கடையால் பக்கத்தை, அதாவது படகின் பின்பக்கத்தை, கல் கரைக்கு நேராகப் பின்னோக்கிக் கொண்டுபோய்க் கட்டவேண்டும், பக்கத்தில் இரண்டு மீட்டர் தள்ளி இன்னொருவரின் படகு. கச்சான் காற்று மாதிரி மத்தியானத்துக்கு மேல் குறுக்குக் காற்று கிளம்பினால் பின்பக்கம் கல்லில் மோதும், சுக்கான் கரையடிக் கல்லில் இடிக்கும். சுக்கான் வளைந்தால் அது சில்லறைச் சேதம் இல்லை. அந்த வகையில் படகு கட்டுவதில் எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்துப் பூஜ்ய அனுபவம். அதை ஒப்புக்கொள்ளத்தான் குரூப்பில் மூன்றாவது நாள் தேவைப்பட்டது.

முன்னால் தள்ளிவைத்த அசாதாரண விஷயம்: டெபாசிட்டுக்கு மேலே போவது. குடித்துவிட்டு ஓட்டினது, எச்சரிக்கையை மீறி இரவில் போனது என்று வந்து, படகின் இன்சூரன்ஸ் கம்பெனி 'இது கடும் அஜாக்கிரதை' என்று சொன்னால், அவர்கள் கொடுத்த பணத்தை ஸ்கிப்பரிடம், அதாவது படகை ஓட்டும் பொறுப்பாளரிடம், திருப்பிக் கேட்க வரலாம். வெய்வர், டெபாசிட் இன்சூரன்ஸ் இரண்டும் அங்கே நமக்காக நிற்காது. அதற்கு 'ஸ்கிப்பர் லயபிலிட்டி' என்று வேறு பாலிசி, சிலவற்றில் படகு பழுதால் அடுத்த வார வாடகை போனால் அந்த நஷ்டமும் சேர்ந்து வரும். பெரியப்பா மகன் பெயரில்தான் சான்றிதழ், ஒப்பந்தத்தில் கையெழுத்து அவனுடையது, அதனால் கேஸ் வந்தால் அவன் பெயரில்தான் வரும். அதை அவனுக்காக நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாங்குவது என்று முடிவு. 3,000 என்பது வாரத்துக்கா, ஒவ்வொரு சம்பவத்துக்குமா என்பதையும் ஒப்பந்தத்தில் தேடுங்கள். சம்பவத்துக்கு என்று இருந்தால் செவ்வாய்க்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று என்று இரண்டு டெபாசிட் போகலாம்.

நமக்குள் யார் எவ்வளவு என்பதையும் முன்பே பேசிவிட்டோம். நம்ம கரையில் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போடுவது போல, சேதத்தையும் நான்காகப் பங்கு, யார் கை வைத்து உடைந்தாலும் சரி. புக்கெட்டில் இதைப் பேசாமல் போய், வின்ச் கைப்பிடியைக் கடலில் விட்டவன் யார் என்று திரும்பி வரும் விமானத்தில் பேச்சு வந்தது, அந்தப் பேச்சு நன்றாக இல்லை.

நடுவில் ஒரு சின்ன விலகல். இதையெல்லாம் கேட்ட நண்பன் ஒருவன், நம்ம ஊரில் கயாக் வாடகைக்கு விடலாம் என்று யோசிப்பவன், எவ்வளவு டெபாசிட் கேட்கலாம் என்றான். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152 பிரிவுகளைப் பார்க்கச் சொன்னேன். பொருளை வாங்கியவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பது போல நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தால், தனியாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், சேதத்துக்கு அவர் பொறுப்பில்லை. 150-ஆம் பிரிவு அவனுக்கு: பொருளில் இருக்கும் குறையை வாடகைக்கு விடுபவர் சொல்லியாகவேண்டும், வாடகைக்கு விட்டதால் 'எனக்கே தெரியாது' என்று தப்பிக்கவும் முடியாது. டெபாசிட் எழுதினாலும் 74-ஆம் பிரிவின்படி நியாயமான நஷ்டத்துக்குத்தான் கேட்கலாமே தவிர, எழுதிய தொகையை அப்படியே விழுங்க முடியாது. கிரேக்கத்து ஒப்பந்தத்துக்கு நம்ம சட்டம் பொருந்தாது, அது வேறு கதை.

கடைசியில் எங்கள் முடிவு. சித்தப்பா சொன்ன "கூட ஆள்" என்ற யோசனைக்குத்தான் திரும்பி வந்தோம். முதல் இரண்டு நாளைக்கு மட்டும் உள்ளூர் ஸ்கிப்பர் ஒருவரைக் கூட்டிக்கொள்கிறோம், பின்பக்கம் கட்டுவதை அவர் சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். ஆள் வந்தாலும் டெபாசிட் நம் பெயரில்தான் நிற்கும் என்று கம்பெனி சொல்லிவிட்டது, பரவாயில்லை, வெய்வருக்குக் கொடுக்கவிருந்த காசு அவர் கூலிக்குப் போகட்டும். டெபாசிட் மச்சானின் துபாய் கிரெடிட் கார்டில், பிளாக் மட்டும்தான், எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மெயிலில் வாங்கிவிட்டோம். வெளி இன்சூரன்ஸ் அவன் பெயரில், அவன் முகவரிக்குச் செல்லும் என்று பதில் வந்த பிறகு. மச்சானின் கார்டில் லிமிட் இல்லாமல் போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு வெய்வர் கட்டியிருப்போம்.

படகை வாங்கும் நாளில் என் வேலை என்ன என்றும் ஒதுக்கியாகிவிட்டது. முகமூடியும் மூச்சுக்குழாயும் நான் இங்கிருந்தே கொண்டுபோகிறேன். பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் அடியில் முங்கி, ஏராக்கால் நுனியையும் சுக்கானின் கீழ் விளிம்பையும் இறக்கையையும் படம் எடுத்து, அந்தப் பையன் கண் முன்னாலேயே அவர்கள் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிவிடுவது. தண்ணீருக்கு மேலே இருக்கும் கீறல்களை மற்ற மூன்று பேரும் எண்ணட்டும்.